ஸ்கூலும் ஸ்டேடியமும்: முதல் வருடப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் இந்த ஜூனில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் எல்கேஜி போக ஆரம்பித்திருக்கிறார்கள். என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இரண்டு வருடம் முன்னால் போனவன் என்ற ஒரே தகுதியில் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நான் காந்தி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடலாம். பகலில் என் அம்மா, அதாவது மகளுக்கு அப்பாயி, வீட்டில் இருக்கிறார். பள்ளி விடும் மூன்றரைக்கும் பிள்ளை தூங்க வேண்டிய எட்டரைக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்வது, அடங்காததை விட்டுவிடுவது என்றுதான் எல்லா முடிவையும் எடுத்தோம். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

எந்த வயதில் சேர்ப்பது?

மூன்று முடிந்தால் எல்கேஜி, நான்கு முடிந்தால் யுகேஜி, ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு என்பதுதான் தமிழ்நாட்டில் நடைமுறை. ஜூலை 31 அன்று வயது நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது ஆகியிருக்க வேண்டும், எனவே அந்த எண்ணம் இருப்பவர்கள் இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் ஒரு வருடம் வீணாகிறதே என்று தவிப்பதைப் பார்க்கிறேன். என் மகளும் ஆகஸ்ட்தான். வகுப்பிலேயே மூத்தவளாகப் போனாள். கழிப்பறைக்குப் போகணும் என்று வாய் திறந்து கேட்கத் தெரிந்திருந்தது, தன் செருப்பு எது என்று தெரிந்திருந்தது. அந்த ஒரு வருடம் எங்களுக்கு வீணாகவில்லை. விஜயதசமி அன்று நெல்லில் ‘அ’ எழுதவைத்ததை அப்பாயி தனியாகச் செய்துகொண்டார், அதற்கும் பள்ளிக்கும் முடிச்சுப் போடவில்லை.

பள்ளியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

நடந்து போகும் தூரம். அதுதான் முதல் காரணம், கிட்டத்தட்ட கடைசிக் காரணமும். பெயர் பெற்ற பள்ளி ஒன்று எட்டு கிலோமீட்டரில் இருந்தது. வேன் காலை ஏழேகாலுக்கு வரும், மாலையில் நாலே முக்காலுக்கு இறக்கிவிடும் என்றார்கள். எங்கள் ஐந்து மணி நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே போய்விட்டது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வேன் தூக்கம்தான் மிஞ்சும்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள், வாளியில் தண்ணீர் இருக்கிறதா, தாழ்ப்பாள் பிள்ளை கைக்கு எட்டுகிறதா என்று. அப்புறம் பதினொரு மணி வாக்கில் மைதானத்தைப் பாருங்கள். இன்டர்வெல்லில் பிள்ளைகள் ஓடுகிறார்களா, அல்லது வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறார்களா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்ப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது, நன்கொடை வாங்குவதையும்தான். இருந்தும் ஒரு பள்ளியில் என் மகளிடம் ஐந்து பழத்தின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவள் “எனக்குக் கொய்யாதான் புடிக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். நாங்களும் எழுந்துவிட்டோம்.

25 சதவீத இட ஒதுக்கீடு எங்களுக்குக் கிடைக்குமா?

அதே சட்டத்தில், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தர வேண்டும். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று நான்கையும் பிப்ரவரியிலேயே எடுத்து வையுங்கள். விண்ணப்பத் தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, சான்றிதழ் கையில் இல்லாமல் தேதியைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகத்துக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

முதல் வாரம் அழுகிறாளே, என்ன செய்வது?

அழட்டும். இதைச் சொல்வது எனக்கு இன்று எளிது, அன்று எளிதாக இல்லை.

முதல் நாள் மகள் அழவே இல்லை. புதுப் பை, புது வாட்டர் பாட்டில், ஐடி கார்டு எல்லாம் சேர்ந்து கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போனாள். இரண்டாம் நாள்தான் இது தினமும் நடக்கப்போகிற விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது. கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் ஒட்டிக்கொள்ளும். ஆயாம்மா வந்து, “நீங்க போங்க தம்பி. நீங்க நிக்கிற வரைக்கும் அது நிறுத்தாது” என்றார். போகிற மாதிரி போய் எதிர் டீக்கடையில் நின்றேன். பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அரைமணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் சறுக்கு மரத்தில் வரிசையில் நிற்கிறாள், மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. நான்காம் நாள் அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் நழுவிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் வீட்டில்கூட என்னைக் கண்ணைவிட்டு விலக விடவில்லை. நான் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். எனவே சொல்லிவிட்டே போங்கள். “மூணரைக்கு அப்பாயி வருவாங்க” என்று யார் வருவார்கள் என்பதையும் சொல்லுங்கள், சொன்ன ஆளே வந்து கூப்பிட்டுப் போகட்டும். ஒன்பதாவது நாள் டாட்டா காட்டினாள். திங்கட்கிழமைகளில் மறுபடி கொஞ்சம் அழுதாள், அது தீபாவளி வரைக்கும் இருந்தது.

டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. சமையல் பிடிக்கவில்லையா?

முதலில் பிள்ளைக்கு அந்த டப்பாவைத் திறக்கத் தெரியுமா என்று பாருங்கள். நாங்கள் ஒரு வாரம் எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று மாற்றி மாற்றிக் கட்டினோம். கடைசியில் பார்த்தால் நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பாவைத் திறக்க அவளுக்கு விரலில் பலம் இல்லை. மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சம். அப்பாயியின் பழைய எவர்சில்வர் தூக்குப் போன்ற சின்ன டப்பாவுக்கு மாறினோம், சரியாகிவிட்டது. பள்ளி திறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே வீட்டில் மதியச் சாப்பாட்டை அந்த டப்பாவிலேயே கொடுத்துப் பழக்குங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்க்கிறவர்களுக்குக் காலை அவசரம் கொஞ்சம் குறைவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இப்போது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. எதிர் வீட்டுப் பையன் வீட்டில் உப்புமா என்றால் ஓடுவான், பள்ளியில் எல்லாரோடும் உட்கார்ந்து அதையே தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறானாம்.

யுகேஜிக்கே வீட்டுப்பாடம் நாலு பக்கம். எழுத வைக்கலாமா?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 புத்தகப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் பேசி மிஸ்ஸோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. நான் டைரியில், “இருபது நிமிடம் எழுதினாள், தூக்கம் வந்துவிட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முதல் இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது முறை மிஸ்ஸே கூப்பிட்டு, “சார், பாதி போதும். மத்த பேரண்ட்ஸ்தான் கேக்குறாங்கன்னு குடுக்கிறோம்” என்றார். யார் யாருக்காக நடத்துகிறோம் என்று யோசிக்க வேண்டிய இடம் அது.

விளையாட்டு வகுப்பில் எப்போது சேர்ப்பது?

பள்ளி பழகுகிற வருடத்தில் வேண்டாம். புது மிஸ், புது நண்பர்கள், புது நேரம் என்று பிள்ளை ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் அழுது அடம்பிடித்தால் அது சோர்வு. அதை அடக்க இன்னொரு கிளாஸில் போய்ச் சேர்த்தால் இரண்டு இடத்திலும் அழும்.

வகுப்பு வேண்டாம் என்றேனே தவிர, விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு மொத்தமாக 180 நிமிட அசைவு. எல்கேஜி வருடம் முழுக்க எங்கள் மகளின் கோச் தெருதான். ஓடிப்பிடிச்சு, கண்ணாமூச்சி, மேடா பள்ளமா. பெரிய பிள்ளைகள் ‘பால்மாறா’ ஆட்டக்காரியாக, ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. எந்த அகாடமியும் இந்தச் சலுகை தராது.

எந்த விளையாட்டு நல்லது? ஸ்கேட்டிங், செஸ், சிலம்பம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் நீச்சல். அது விளையாட்டு என்பதற்காக இல்லை. ஊரின் ஒரு பக்கம் காவிரி, அதைத் தாண்டினால் கொள்ளிடம், ஊருக்குள்ளேயே உய்யக்கொண்டான் வாய்க்கால். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போகிற ஊரில் பிள்ளைக்கு நீந்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் அப்பா உய்யக்கொண்டானில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கற்றவர். இன்றைக்கு அந்தத் தண்ணீரில் யாரும் பிள்ளையை இறக்க மாட்டார்கள். யுகேஜி முடிந்த கோடையில் காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்து நீச்சல் குளத்தில் சேர்த்தோம்.

முதல் மூன்று நாள் அவள் படியை விட்டு இறங்கவில்லை. பயிற்சியாளர் அவசரப்படுத்தவில்லை. படியில் உட்காரவைத்துக் காலை மட்டும் அடிக்கச் சொன்னார், அப்புறம் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடச் சொன்னார். வீட்டில் வாளித் தண்ணீரிலும் குமிழிதான், ரசத்திலும் ஒரு நாள் முயன்றாள். குளத்தில் இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துத் தொப்பி போட்டால் குளோரின் முடியை அவ்வளவாகப் பாதிக்காது. வெளியே வந்ததும் மறுபடி குளியல். பிறகு அகோரப் பசி எடுக்கும், கையில் வேகவைத்த வேர்க்கடலை இருக்கட்டும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சிலம்பம் ஐந்தாறு வயதில் காலடி வரிசைக்கு ரொம்ப நல்லது, செலவும் குறைவு: பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது என்று ஒருவர் எனக்கு விளக்கினார். பிள்ளைக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. செஸ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. அவர் ஆட ஆரம்பித்ததே ஏழு வயதில்தான், எனவே நான்கு வயதில் பதற வேண்டாம். தவிர, செஸ் அருமையான ஆட்டம், ஆனால் ஓடியாடும் நேரக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஸ்கேட்டிங் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சாலையோரத்தில் நடத்துகிற வகுப்பு மட்டும் வேண்டாம்.

சாமான் எல்லாம் உடனே வாங்க வேண்டுமா?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். பிறகு வாங்கும்போது அளவு பாருங்கள், “வளர்ற பிள்ளை, பெருசா வாங்கிடலாம்” என்பது சட்டைக்குச் சரி, மட்டைக்குச் சரிவராது. கால்பந்து எட்டு வயதுக்குள் 3ஆம் எண். ஷட்டில் ராக்கெட்டில் 21 அங்குலம் வருகிறது, பெரியவர்களுடையது 26க்கு மேல். கிரிக்கெட்டுக்கு டென்னிஸ் பந்தே போதும். பெரியவர்களின் தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது, சின்ன விரலில் பட்டால் அந்தப் பிள்ளை கிரிக்கெட் பக்கமே வராது.

கோச் சரியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யுகேஜியில் ஓர் இடத்தில் ஸ்கேட்டிங் சேர்த்துப் பட்டிருக்கிறோம், பெயர் வேண்டாம். இரண்டு வாரம் ஆனதும் சனிக்கிழமை காலையில் மகளுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. பத்து மணிக்கு, வகுப்பு நேரம் தாண்டியதும், சரியாகிவிடும். அப்பாயிதான் முதலில் கண்டுபிடித்தார். போய்ப் பார்த்தால் விழுந்த பிள்ளைகளை மற்றவர்கள் முன்னால் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் அந்த ஆள். பாதி மாதக் கட்டணம் போனால் போகட்டும் என்று நிறுத்திவிட்டோம்.

நான் பார்ப்பது மூன்று விஷயம்தான். ஒரு மணி நேரத்தில் பிள்ளை எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நிற்கிறது. தோற்ற பிள்ளையிடம் அவர் என்ன பேசுகிறார். பெற்றோர் கண்ணில் படும்படி உட்கார அனுமதிக்கிறாரா. இந்தக் கடைசி விஷயத்துக்கு அவர் இல்லை என்று சொன்னால் பேச்சுக்கே இடமில்லை, வேறு இடம் பாருங்கள். யார் தொடலாம், எங்கே தொடக்கூடாது, உடை மாற்றும்போது யார் இருக்கலாம் என்பதைப் பிள்ளையிடமும் முன்பே பேசிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வாரம் முழுக்க எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், மற்ற நாள் தெரு. மூன்றே முக்காலுக்கு வீடு, அப்பாயி கையால் ஏதாவது தின்றுவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் தரையில் கிடப்பாள். அந்த ஒன்றும் செய்யாத நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வீட்டு விதி. ஐந்தரைக்கு நான் வந்ததும் குளமோ தெருவோ. ஏழுக்கு எழுத்து இருபது நிமிடம், ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம். சின்ன வயதில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும், காலை ஆறே முக்காலுக்கு எழுப்ப வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. மனைவிக்கு மாலை ஷிப்ட் இருக்கும் வாரத்தில் அம்மாவும் மகளும் காலை ஏழு மணிக்குத்தான் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் மட்டும் தலை பின்னுவது பதினைந்து நிமிடம் பிடிக்கும், பேச்சு அவ்வளவு இருக்கும். அவசரப்படுத்துவதில்லை.

அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறதே?

முதல் வருடம் மாதம் ஒன்று எங்களுக்கும் வந்தது, யுகேஜியில் பாதியாகக் குறைந்தது. காய்ச்சல் விட்ட மறுநாளே குளத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஐந்து வயது முடிந்ததும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) தடுப்பூசியின் இரண்டாவது பூஸ்டர் இருக்கிறது, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் பூச்சி மாத்திரை தருவார்கள், அன்று லீவு போட்டுவிடாதீர்கள். பேன் வரும். யாரையும் திட்டாமல் பேன் சீப்பு வாங்குங்கள்.

ஸ்போர்ட்ஸ் டேயில் பரிசு வாங்கவில்லை என்றால் எப்படித் தேற்றுவது?

பெரும்பாலும் தேற்ற வேண்டியது பெற்றோரைத்தான். யுகேஜி ஓட்டப் பந்தயத்தில் என் மகள் முதலாவதாகக் கயிற்றைத் தொட்டிருக்க வேண்டியவள் இல்லை, ஆனால் மூன்றாவதாவது வந்திருப்பாள். கயிற்றுக்கு முன்னால் எல்லாரும் வேகம் குறைக்க, இவள் யாரையும் கவனிக்காமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, காம்பவுண்டு சுவர் வரைக்கும் ஓடித் தொட்டுவிட்டு வந்தாள். ஒரு மாதமாகப் பயிற்சியில் பி.டி. மிஸ் சுவரைத் தொடத்தான் சொல்லியிருக்கிறார். குனிந்ததில் நான்காவது ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு இருந்த ஒரே சந்தேகம், “அவங்கல்லாம் ஏன்ப்பா பாதியிலேயே நின்னுட்டாங்க?”

கடைசியாக, புதன்கிழமை வெள்ளை ஷூ எப்படி வெள்ளையாகவே இருக்கிறது?

இருக்காது. சனிக்கிழமை துவைத்துப் போட வேண்டும், செவ்வாய் இரவுதான் ஞாபகம் வரும். ஈரத்துணியால் துடைத்து, ஒயிட்னர் பூசி, ஃபேனுக்கு அடியில் செய்தித்தாள் திணித்துக் காயவைத்தால் காலைக்குள் ஆகிவிடும். அதுவும் மறந்தால் ஒரு சாக்பீஸ் பையில் இருக்கட்டும். பள்ளிக் கேட்டுக்கு இருபதடி முன்னால் பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து ஷூவின் மூக்கில் தேய்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன், வந்தால் பேசலாம்.